சுப்ரீம்ஸ் ஸ்டிக்கர்: மூன்று முகமா, மூன்று கையா?

மிளகுக்கொடி (ஏற்காடு)

எல்லாருக்கும் வணக்கம். வருகிற மே மாதம் எங்கள் பெரியம்மாவுக்கு எழுபது வயது நிறைகிறது. விருந்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையோடு ஆளுக்கு ஒரு ஸ்டிக்கர் ஷீட் போட்டுக் கொடுக்கலாம் என்று ஓர் எண்ணம். என்ன ஸ்டிக்கர் என்று கேட்பீர்கள், அதற்குக் கொஞ்சம் முன்கதை உண்டு.

தாத்தா இங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. தோட்டத்து துரை சீமைக்குத் திரும்பும்போது ரேடியோகிராமையும் ஒரு மரப்பெட்டி நிறைய ரெக்கார்டுகளையும் தாத்தாவிடம் விட்டுவிட்டுப் போனார். பெரியம்மா, அம்மா, சித்தி மூன்று பேரும் இங்கிலீஷ் பாட்டு கற்றது அந்தப் பெட்டியில்தான். பெட்டியில் இல்லாததை சிலோன் ரேடியோவில் பிடித்தார்கள். மூவருக்கும் உயிர், சுப்ரீம்ஸ் என்ற அமெரிக்கப் பெண்கள் குழு. காப்பி காயவைக்கும் களத்தில் வரிசையாக நின்று, வலது கையை ‘நில்’ என்று நீட்டி, மூன்று குரலில் பாடுவார்களாம். பிறகு கோயில் கொயரிலும் மூவரும் ஒன்றாகத்தான் நின்றார்கள்.

அதனால் சுப்ரீம்ஸ் ஸ்டிக்கர். நெட்டில் கிடைக்கும் போட்டோவை எடுத்துப் போடலாமா, வரைய வேண்டுமா? நடுவில் டயானா ராஸ் பெரிதாக, இரண்டு பக்கமும் மற்ற இருவர் சிறிதாக என்று ஒரு மாதிரி போட்டுப் பார்த்திருக்கிறேன். அப்புறம், மேலே பனிக்கு எந்த ஸ்டிக்கரும் நிற்பதில்லை. ஒரே மாதத்தில் ஓரம் சுருண்டுவிடுகிறது. சேலத்தில் அச்சடிக்கும்போது என்ன கேட்டு வாங்க வேண்டும்?

தட்டுவடைசெட் (அம்மாபேட்டை)

அக்கா, தலைப்பைப் பார்த்துவிட்டு சுப்ரீம் கோர்ட் விவகாரம் என்று உள்ளே வந்துவிட்டேன். யார் இவர்கள்? ஸ்பைஸ் கேர்ள்ஸ் மாதிரியா?

பழையரெக்கார்டு (செவ்வாய்ப்பேட்டை)

தம்பி, ஸ்பைஸ் கேர்ள்ஸுக்கு இவர்கள் பாட்டி முறை. டெட்ராய்ட் நகரத்தில் 1959இல் நான்கு பெண்கள் பிரைமெட்ஸ் என்ற பெயரில் பாட ஆரம்பித்தார்கள். எல்லாம் பள்ளிக்கூட வயசு. 1961இல் மோட்டவுன் என்ற ரெக்கார்டு கம்பெனி அவர்களை எடுத்துக்கொண்டது, ஆனால் பெயரை மாற்றச் சொன்னது. கொடுத்த பட்டியலில் சுப்ரீம்ஸ் என்பதைப் பொறுக்கியவர் ஃபுளோரன்ஸ் பல்லார்ட். 1962க்குப் பிறகு மூன்றே பேர்: டயானா ராஸ், மேரி வில்சன், ஃபுளோரன்ஸ். போட்ட ரெக்கார்டு ஒன்றும் பெரிதாக ஓடவில்லை. கம்பெனிக்குள்ளேயே ‘ஹிட் இல்லாத சுப்ரீம்ஸ்’ என்று கிண்டல். பிறகு 1964 ஆகஸ்டில் ஒரு பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. அடுத்து வந்த நான்கும் வரிசையாக முதலிடம். 1969 முடிவதற்குள் மொத்தம் 12. பீட்டில்ஸ் கொடிகட்டிப் பறந்த காலத்தில் இது நடந்தது என்பதையும் சேர்த்துக்கொள்.

அந்த முதல் பாட்டின் தொடக்கத்தில் தப்தப்பென்று ஒரு சத்தம் வரும். எல்லாரும் கைதட்டல் என்பார்கள். பலகையைப் போட்டு அதன்மேல் காலால் மிதித்த சத்தம் அது.

மிளகுக்கொடிக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று குரல் ஹார்மனி என்றால் அது ஆண்ட்ரூஸ் சிஸ்டர்ஸ். மினசோட்டாக்காரர்கள், உடன்பிறந்த மூவர், 1930களிலும் 40களிலும் பாடியவர்கள். பேட்டி என்பவர் நடுக்குரல், மேக்சீன் மேலே, லவெர்ன் கீழே. ஒவ்வொரு சொல்லையும் மூவரும் சேர்ந்தே உச்சரிப்பார்கள். சுப்ரீம்ஸில் ஒருவர் பாடுவார், மற்ற இருவரும் ‘ஊ’ போடுவார்கள். ஸ்டிக்கரில் ராஸை நடுவில் பெரிதாகப் போட்டதில் தப்பே இல்லை. உள்ளதும் அதுதான்.

ஆல்ட்டோ (அஸ்தம்பட்டி)

ரெக்கார்டு அண்ணா, உங்கள்மேல் மரியாதை உண்டு. ஆனால் இருபத்திரண்டு வருடம் கொயரில் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல், பாடினவள் நான். அந்த ‘ஊ’வை இவ்வளவு லேசாகச் சொன்னால் சும்மா இருக்க முடியாது.

நம் ஊரில் சேர்ந்து பாடுவது என்றால் ஒரே சுரத்தைச் சேர்ந்து பாடுவதுதான். சூலமங்கலம் சகோதரிகளைக் கேளுங்கள், இரண்டு குரலும் ஒரே கோட்டில் போகும். இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்வதில்தான் அழகு. ஹார்மனி வேறு. ஒருவர் ‘ச’ பிடித்தால் இன்னொருவர் ‘க’, மூன்றாமவர் ‘ப’. மூன்றும் தனித்தனியாகவே இருக்கும், ஆனால் சேரும்போது நான்காவதாக ஏதோ ஒன்று கேட்கும். கொயரில் சோல்ஃபா (டோ-ரே-மி எழுத்து) எழுதிக்கொடுத்து எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். கீழே பாடுகிறவளுக்கு மெட்டு என்று ஒன்றும் இருக்காது. ஒரே சுரத்தில் நாலு வரி நிற்பாள், ஒரு படி இறங்குவாள், மறுபடி ஏறுவாள். வீட்டில் பாடிக்காட்டினால் ‘என்ன இது, சங்கு ஊதற மாதிரி’ என்பார்கள்.

அந்தச் சங்கை எடுத்துவிட்டுப் பாட்டைக் கேளுங்கள். டயானா ராஸின் குரல் மெல்லியது, கூர்மையானது. கீழே ஒரு திண்ணை இருப்பதால்தான் அது அப்படி நிமிர்ந்து நிற்கிறது. ராஜா பாட்டுகளில் பெண்கள் ஹம்மிங் வருமே, அதைத் தூக்கிவிட்டால் பாட்டு எப்படி மொட்டையாக இருக்குமோ அப்படி.

மிளகுக்கொடி, உங்கள் வீட்டில் கீழ்க்குரல் யார்? முதலில் அதைச் சொல்லுங்கள்.

தட்டுவடைசெட் (அம்மாபேட்டை)

புரிந்துவிட்டது. தட்டுவடை செட்டில் எல்லாரும் நடுவில் உள்ள பீட்ரூட் துருவலையும் சட்னியையும்தான் பேசுவார்கள். கீழ்த் தட்டுவடை இல்லாவிட்டால் கையில் நிற்குமா?

ஆல்ட்டோ (அஸ்தம்பட்டி)

தம்பி, இதை நான் கொயரில் சொல்லிக்கொடுக்க எடுத்துக்கொள்கிறேன்.

மிளகுக்கொடி (ஏற்காடு)

ஆல்ட்டோ அக்கா, கீழ்க்குரல் எங்கள் அம்மா. நீங்கள் கேட்டபிறகுதான் போய் விசாரித்தேன். முப்பத்தெட்டு வயது வரை ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. ஊரில் எல்லாரும் பெரியம்மாவைத்தான் ‘பாட்டுக்காரி’ என்பார்கள். அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னது: “நான் கீழே பிடிக்காவிட்டால் அக்கா இரண்டாவது வரியிலேயே சுருதி ஏறிவிடுவாள். அவளுக்கு அது இன்றைக்கும் தெரியாது.” அவ்வளவுதான். மறுபடி கத்தரிக்காய்.

நடுவில் ஒருவரைப் பெரிதாகப் போட்ட மாதிரியை அழித்துவிட்டேன்.

பழையரெக்கார்டு (செவ்வாய்ப்பேட்டை)

திண்ணை வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆல்ட்டோவுக்கு இன்னொரு கட்டையைப் போடுகிறேன். பிற்காலத்து ரெக்கார்டுகள் சிலவற்றில் அந்த ‘ஊ’ மேரி வில்சனுடையதே அல்ல. மோட்டவுனில் ஆண்டான்டஸ் என்று மூன்று பெண்கள் இருந்தார்கள். ஸ்டூடியோவுக்கென்றே இருந்த பின்குரல்காரர்கள். உறைமேல் பெயர் இருக்காது. 1968இல் முதலிடம் பிடித்த பாட்டில் பின்னால் பாடியவர்கள் அவர்கள்தான். 1969இல் வந்த கடைசி முதலிடப் பாட்டில் மேரியும் இல்லை, பிற்பாடு குழுவில் சேர்ந்த சிண்டி பேர்ட்சாங்கும் இல்லை. வேறு இருவர் பாடினார்கள். உறையில் மட்டும் சுப்ரீம்ஸ்.

ஃபுளோரன்ஸ் அதற்கு முன்பே போய்விட்டார். 1967இல் குழுவின் பெயரே ‘டயானா ராஸ் அண்ட் த சுப்ரீம்ஸ்’ என்று மாறியது. அதே வருடம் ஃபுளோரன்ஸை எடுத்துவிட்டு சிண்டியைச் சேர்த்தார்கள். குழுவுக்குப் பெயர் பொறுக்கியவர், 1976இல் 32 வயதில் இறந்துபோனார். ராஸ் 1970 ஜனவரியில் தனியாகப் போனார். மேரி வில்சன் மட்டும் 1977இல் கலைக்கும் வரை இருந்தார். ஆக, முகம் போடுவதென்றால் எந்த மூன்று முகம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். சிண்டியைப் போட்டால் ஃபுளோரன்ஸ் இல்லை, ஃபுளோரன்ஸைப் போட்டால் பிற்காலத்துப் பாட்டுகள் இல்லை. எந்தப் படத்தைப் போட்டாலும் ஆண்டான்டஸ் இல்லை.

ரேடியம்கடை (ஐந்து ரோடு)

யார் முகம் என்பதை நீங்கள் பேசி முடியுங்கள், நான் ஸ்டிக்கருக்கு வருகிறேன். பதினைந்து வருடமாக வண்டி ரேடியம் வெட்டுகிறேன். இப்போது பாதி வேலை இந்த மாதிரி சின்ன ஸ்டிக்கர்தான்.

அக்கா சொல்கிற சுருளுதல் மூன்று காரணத்தால் வரும். ஒன்று, பேப்பர் ஸ்டிக்கர். பனி பேப்பருக்குள் இறங்கினால் அது ஊறி எழும்பும். வினைல் கேளுங்கள், மேலே லேமினேஷன் கட்டாயம். மேட் லேமினேஷன் போட்டால் கைரேகை தெரியாது. இரண்டு, கூர் மூலை. எந்த ஸ்டிக்கரும் மூலையில்தான் முதலில் எழும்பும், அதனால் மூலையை உருட்டி வெட்டச் சொல்லுங்கள். மூன்றாவது ஒட்டும் இடம். எவர்சில்வர் டப்பாவில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், ஸ்பிரிட்டில் துடைத்து, உலர்ந்தபிறகு ஒட்ட வேண்டும். மேலே குளிர் அதிகம் என்றால் காலையில் ஒட்டாதீர்கள், பசை பிடிக்காது. வெயில் ஏறினபிறகு ஒட்டி, விரலால் அழுத்திச் சூடு வரத் தேயுங்கள்.

கடையில் ‘ஹாஃப் கட்’ என்று சொல்லுங்கள். மேலே உள்ள வினைல் மட்டும் வெட்டுப்படும், அடிப்பேப்பர் முழுதாக இருக்கும். அப்போதுதான் ஒரு ஷீட்டில் ஆறு ஸ்டிக்கர் சேர்ந்தே இருக்கும், ஒவ்வொன்றாக உரிக்கலாம். 12க்கு 18 அங்குல ஷீட்டில் எவ்வளவு அடங்கும் என்று பார்த்து அளவு வையுங்கள். படத்தைச் சுற்றி 3 மில்லிமீட்டர் வெள்ளை விடுங்கள். பிளேடு அரை மில்லி நகர்ந்தாலும் தெரியாது. எழுத்தை கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டுப் படமாக, மாற்றிக் கொடுங்கள், இல்லாவிட்டால் கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரும். செல்போனில் பளபளக்கிற சிவப்பு அச்சில் கொஞ்சம் மங்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

வக்கீல்குமாஸ்தா (சேலம்)

போட்டோ விஷயம். போட்டோ எடுத்தவருக்கு உரிமை உண்டு. நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில், 2012 திருத்தத்துக்குப் பிறகு, புகைப்படத்துக்கு எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து இன்னும் 60 வருடமும். நெட்டில் கிடைக்கிறது என்பதால் யாருக்கும் சொந்தமில்லை என்று ஆகாது. முகத்துக்கும் பெயருக்கும் தனியாக ஒரு விவகாரம் உண்டு. தலேர் மெஹந்தி மாதிரி பொம்மை செய்து விற்றதற்கு 2010இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அவர் தரப்பு ஜெயித்தது. 2015இல் ரஜினி தன் பெயரையும் பாணியையும் அனுமதியில்லாமல் ஒரு படத்தில் எடுத்தாண்டதற்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போய்த் தடை வாங்கினார். வீட்டு விருந்துக்கு நாற்பது ஷீட் கொடுப்பது வேறு. அதே ஸ்டிக்கரைக் கோடை விழாவில் ஏரிக்கரையில் கடைபோட்டு விற்பது வேறு. யாராவது உங்களிடம் ‘நல்லா இருக்கே, விற்கலாமே’ என்று நிச்சயம் சொல்லுவார்கள். அதற்காக இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இருபதாவதுவளைவு (ஏற்காடு அடிவாரம்)

‘விற்கலாமே’ என்று நான் சொல்ல வந்ததை வக்கீல் சார் முன்கூட்டியே மறுத்துவிட்டார். பரவாயில்லை.

எனக்கு முகமே வேண்டாம் என்று தோன்றுகிறது. அந்த நீட்டிய கை இருக்கிறதே, அது போதாதா? உள்ளங்கை முன்னால் பார்த்து, மூன்று கை, ஒன்றன் பின் ஒன்றாக. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வரும்போது நாம் காட்டுகிற கையும் அதுதான். என் ஹெல்மெட்டில் முதலில் ஒட்டுவேன். நம்பர் பிளேட்டில் யாரும் ஒட்டாதீர்கள், போலீஸ் பிடிக்கும்.

பழையரெக்கார்டு (செவ்வாய்ப்பேட்டை)

அடிவாரத்துத் தம்பி, சபாஷ். அந்தக் கையசைவுக்கும் ஒரு கதை உண்டு. 1965இல் லண்டனில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு மோட்டவுன் ஆட்கள் எல்லாரும் போயிருந்தார்கள். மேடை ஏற நேரமாகிவிட்டது, ‘ஸ்டாப்! இன் த நேம் ஆஃப் லவ்’ பாட்டுக்கு அசைவு ஒன்றும் தயாரில்லை. அதே கம்பெனியின் ஆண்கள் குழுவான டெம்ப்டேஷன்ஸ் இவர்களை ஆண்கள் கழிப்பறைக்குள் கூட்டிப்போய் அவசரமாகச் சொல்லிக்கொடுத்ததுதான் அது. இத்தனை வருடம் கழித்து நம் மலைமேல் காப்பிக் களம் வரை வந்திருக்கிறது.

இன்னொரு யோசனை. மோட்டவுன் ரெக்கார்டின் நடுவில் உள்ள லேபிளில் டெட்ராய்ட் வட்டாரத்து வரைபடம் இருக்கும், ஊர் இருக்கும் இடத்தில் ஒரு நட்சத்திரம். அதை அப்படியே காப்பியடிக்காமல், நம் மலைப்பாதையை வரையுங்கள். இருபது வளைவு, உச்சியில் ஏரி, ஏரிக்குப் பக்கத்தில் நட்சத்திரம்.

மிளகுக்கொடி (ஏற்காடு)

இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தேன். ஷீட்டில் ஆறு. மூன்று கை ஒன்று. மலைப்பாதை லேபிளோடு ரெக்கார்டு ஒன்று. பலகைமேல் இரண்டு செருப்புக்கால் ஒன்று (செருப்பு சித்தியுடையது, பார்த்து வரைந்தேன்). ஒரே உயரத்தில் மூன்று மைக். 1965 மாதிரி மூன்று உயரக் கொண்டை, பின்பக்கத்திலிருந்து. கடைசியில் மூன்று கோடு மட்டும்: மேல்கோடு ஆடி ஓடும், நடுக்கோடு அதைத் தொட்டும் தொடாமலும் கூடப் போகும், கீழ்க்கோடு கிட்டத்தட்ட நேராக இருக்கும். எங்கும் முகம் இல்லை, பெயர் இல்லை. ‘களத்து சுப்ரீம்ஸ்’ என்று ஷீட்டின் தலையில் சின்னதாக எழுதினேன். தாத்தா அப்படித்தான் கூப்பிடுவாராம்.

கைகளுக்கு மாதிரி வேண்டும் என்று மூவரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தேன். பெரியம்மாவின் கை நீட்டினதும் நடுங்குகிறது. சித்தியின் கையில் இரண்டு வளையல். அம்மாவின் சுட்டுவிரலில் காய் நறுக்கிய தழும்பு. வளையலையும் தழும்பையும் வரைந்துவிட்டேன். நடுக்கத்தை வரைய முடியாது, வேண்டாம் என்றும் பட்டது.

மிளகுக்கொடி (ஏற்காடு)

அச்சு வந்தது. அழுகைதான் வருகிறது. ரேடியம்கடை அண்ணா கடையில் அன்றைக்கு மெஷின் ரிப்பேர் என்பதால் அவசரத்துக்கு வேறொரு கடையில் கொடுத்தேன். கடைப் பெயர் வேண்டாம். வினைல் என்று சொல்லித்தான் கொடுத்தேன், வந்தது பளபளப் பேப்பர். வெட்டு இரண்டு மில்லி விலகியிருக்கிறது. மூன்று கையிலும் நடுவிரல் நுனி வெட்டுப்பட்டிருக்கிறது. பரிசோதனைக்கு ஒரு டம்ளரில் ஒட்டி ராத்திரி வராந்தாவில் வைத்தேன். காலையில் தடவினால் அப்பளம் மாதிரி பொரிந்து நிற்கிறது. கேட்டதற்கு, ‘மேலே பனி அதிகம் மேடம்’ என்கிறார்கள். பனி என்ன நேற்றுத்தான் ஏற்காட்டுக்கு வந்ததா?

ரேடியம்கடை (ஐந்து ரோடு)

அக்கா, வருத்தப்படாதீர்கள். மெஷின் சரியாகிவிட்டது, ஃபைலை அனுப்புங்கள். ஒரு ஷீட்டைக் கிழித்துப் பாருங்கள். பேப்பர் என்றால் வெள்ளையாகப் பிய்யும். வினைல் இழுபடும், லேசில் கிழியாது. கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்பு யாரும் செய்ய வேண்டிய சோதனை இது, முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு. ஃபைலில் இன்னொன்றையும் பாருங்கள். வெட்டுக்கோடு படத்தின் விளிம்போடு ஒட்டியே இருக்கிறதா? அப்படியானால் மெஷின் கொஞ்சம் நகர்ந்தாலும் விரல் போகும்.

மிளகுக்கொடி (ஏற்காடு)

ஆமாம், ஒட்டியே இருந்தது. வெள்ளை விட மறந்தது நான்தான். பேப்பர் விஷயம் மட்டும் அவர்கள் தப்பு. சரி செய்து அனுப்பிவிட்டேன்.

ஆல்ட்டோ (அஸ்தம்பட்டி)

விழா முடிந்ததா? ஒன்றும் எழுதவில்லையே?

மிளகுக்கொடி (ஏற்காடு)

முடிந்தது அக்கா. இரண்டாவது அச்சு அருமை. சிவப்பு கொஞ்சம் மங்கித்தான் வந்தது, ஆனால் பழைய ரெக்கார்டு உறை மாதிரியே இருப்பதாகச் சித்தி சொன்னாள்.

கேக் வெட்டினபிறகு பிள்ளைகள் செல்போனில் அந்த ‘ஸ்டாப்’ பாட்டைப் போட்டார்கள். மூவரும் எழுந்து நின்றார்கள். பெரியம்மா முதல் வரி எடுத்தார். இரண்டாவது வரியில், அம்மா சொன்ன மாதிரியே, சுருதி ஏறியது. அம்மா பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கீழே பிடித்தாள், கொஞ்சம் சத்தமாகவே. பெரியம்மா திரும்பி அம்மாவைப் பார்த்தார். பிறகு இறங்கினார். சித்திக்குச் சிரிப்பு வந்து பாதிப் பாட்டு போய்விட்டது.

ஸ்டிக்கரில் பெரியம்மா மூன்று கையை எடுத்தார், மருந்துப் பெட்டிமேல் ஒட்டிவிட்டார். அம்மா மூன்று கோடு உள்ளதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். ‘இது யாரு, நானா?’ என்று கீழ்க்கோட்டைத் தொட்டுக் கேட்டாள். காப்பித்தூள் டப்பாவில் ஒட்டியிருக்கிறாள், ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுத்தான்.

வக்கீல் சார், நீங்கள் சொன்னபடியே இரண்டு பேர் ‘விற்கலாமே’ என்றார்கள்.

தட்டுவடைசெட் (அம்மாபேட்டை)

அக்கா, மிச்சம் இருந்தால் எனக்கு ஒரு ஷீட். விலைக்குக் கேட்கவில்லை, வக்கீல் சார் கவனிக்க. பதிலுக்கு ஒரு செட் வாங்கித்தருகிறேன்.

மிளகுக்கொடி (ஏற்காடு)

ஏழு ஷீட் இருக்கிறது தம்பி. செவ்வாய்க்கிழமை மருத்துவப் பரிசோதனைக்குப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு கீழே வருகிறேன். பதினோரு மணிவாக்கில் அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் நில்லுங்கள். ஆல்ட்டோ அக்கா, உங்களுக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். பெரியம்மா உங்களைப் பார்க்க வேண்டுமாம். இருபத்திரண்டு வருடம் சங்கு ஊதின ஆள் யார் என்று கேட்கிறார்.